குளித்த பிறகு

"குளிச்சு முடிச்சதும் உடம்பு அரிக்குமா?"

ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே டாக்டர் கேட்டார்.

அச்சகத்துக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வந்தது தீராத தலைவலிக்கு. அரிப்பைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

இரண்டு வருடமாக அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது. மேலில் தண்ணீர் பட்டால் போதும், ஒரு மணி நேரத்துக்கு ஊசி ஊசியாய்க் குத்தும். தோலிலோ ஒரு தடிப்பு கிடையாது. யார்தான் நம்புவார்கள்? தோல் டாக்டர் ஒரு களிம்பைக் கொடுத்து, மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். வாரத்துக்கு ஒரு குளியல் என்று ஆனதும், மெஷின் ரூமில் அவருக்குப் பூனையார் என்று பெயர் வைத்தார்கள். அதையெல்லாம் அவர் துடைத்துப் போட்டுவிட்டார்.

மனைவி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. சோம்பேறித்தனத்துக்கு நோய் என்று பெயரா என்று கேட்டாள். இப்படியே இருந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். பெட்டியையும் கட்டி வைத்துவிட்டாள்.

இப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து அவளே பதில் சொன்னாள்.

"முன்ன இருந்துச்சு டாக்டர், இப்ப இல்ல. மூணு மாசமா தினமும் குளிக்கிறார்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் மறைக்க அச்சகத்துக்காரரால் முடியவில்லை.

"நிக்கவே இல்ல சார்."

டாக்டர் நிதானமாக விளக்கினார். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகியிருக்கிறது. தலைவலியும் அதனால்தான். தண்ணீர் பட்டதும் வரும் அரிப்பு இந்த நோய்க்கே உரியது. கவனிக்காமல் விட்டிருந்தால் ரத்தம் எங்கேயாவது உறைந்து அடைத்திருக்கும். புற்றுநோய்ப் பட்டியலில் வருவதுதான், ஆனால் மிக மெதுவானது. அவ்வப்போது கொஞ்சம் ரத்தத்தை எடுத்துவிட்டு மாத்திரையும் சாப்பிட்டால் வருடக்கணக்கில் கட்டுக்குள் வைத்திருக்கலாம்.

இப்படியொரு செய்தியைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட ஆளை டாக்டர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். அச்சகத்துக்காரருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நோய் என்றால் நோயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று அவரே பயந்துகொண்டிருந்தார்.

மனைவியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அப்போ குளிச்சு முடிச்சும் வெளிய வராம, அவ்வளவு நேரம் உள்ள பாடிட்டு இருந்தீங்களே?"

"நான் முனகறது உனக்குக் கேட்டுடக் கூடாதேன்னுதான்."

அன்று காலையும் அவரைக் குளிக்கவைத்துத்தான் அழைத்து வந்திருந்தாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் எதிரிலேயே, சட்டைக்கு மேலாக அவர் முதுகைச் சொறிந்துவிட ஆரம்பித்தாள்.