நான்காவது உறை

சாந்த்பூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், வெட்டிய நகங்களை உறைகளில் வாங்கி வருவது ஷாஹினாவின் வேலை. குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலிருந்து உடம்பில் எவ்வளவு ஆர்சனிக் ஏறியிருக்கிறது என்பதை நகம் சொல்லிவிடும். எட்டு வருடமாக அளக்கிறார்கள். ஒரு புதுக் கிணறுகூட வந்தபாடில்லை.

மொதாலிப் நான்கு உறைகளை நீட்டினான். வீட்டில் அவனும் இரண்டு மகள்களும்தான். நான்காவதில் அவன் மனைவி ஜொரினாவின் பெயர் இருந்தது. அந்தத் தண்ணீரால் வந்த உள்ளங்கைப் புண் புற்றாகி, அவள் செத்து இரண்டு வருடமாகிறது.

"இது யாரு நகம், அண்ணே?"

"அவளோடதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில ஜன்னல்ல கிடக்குது. உங்களுக்கு நகம்தானே வேணும், எடுத்துட்டுப் போங்கக்கா."

வாதாட மனமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவுகளைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். மூன்று பேருக்கும் விஷம் ஏறியிருந்தது. ஜொரினாவுக்கு மட்டும், உயிரோடிருந்தபோது இருந்ததில் பாதிகூட இல்லை.

முற்றத்தில் இளைய மகள், குடிக்கக்கூடாதென்று சிவப்புச் சாயம் பூசிய குழாயை அடித்துக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மொதாலிப் அவளையே பார்த்தான்.

"அப்போ அவளுக்கு எங்கேயோ நல்ல தண்ணி கிடைக்குது" என்றான். "அது எங்கேன்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்கக்கா. புள்ளைங்களையும் அங்கேயே விட்டுடுறேன்."