மாலையில் இறங்கும் லிஃப்ட்

அந்தப் பதினோரு மாடிக் குடியிருப்பின் லிஃப்ட், பகலில் வெயில் மின்சாரத்தில் ஆட்களை மேலே ஏற்றும். மாலையில் அவர்களைக் கீழே இறக்கி, அந்தக் கனத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் கொடுக்கும். அப்போது யாரையும் மேலே ஏற்றாது. மாலையில் வேலை முடிந்து வரும் குமரகுருவோ தொண்ணூற்றாறு கிலோ.

மனைவி தமயந்தி இரவு வேலைக்குக் கிளம்புவதற்குள் மேல்மாடி வீட்டுக்குப் போய் ஒரு டீயாவது சேர்ந்து குடித்துவிடலாம் என்று தினமும் படியேறுவார். ஏழாவது மாடியில் மூச்சு வாங்கும்போது, லிஃப்ட் அவளோடு சரேலென்று இறங்கிப் போகும். கொஞ்ச நாளாக அவருடைய இல்லறமே அந்தச் சத்தம்தான்.

இன்று நாலாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பிளாஸ்கோடு தமயந்தி வந்தாள்.

"நடந்தா வர்றே? இறங்கறவங்க லிஃப்ட்லதான் இறங்கணும்னு சட்டமாச்சே!"

"இருக்கட்டும். தள்ளி உட்காருங்க. பாதிப் படிய நீங்களே அடைச்சிருக்கீங்க."

டீ ஊற்றி முடித்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "சார், உங்க வீட்டு வெயிட்டு இன்னும் இறங்கலையே! ஊரெல்லாம் விளக்கு போட்டாச்சு."

தமயந்தி களைப்போடு அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அது டீ குடிச்சிட்டிருக்கு சார்," என்றார் குமரகுரு. "வேணும்னா எங்க வீட்டு விளக்க அணைச்சுடுங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."