எல்லாம் படித்தவர்

"மருந்துக் கம்பெனிக்காரங்க எல்லாம் அந்த வரிசை சார். டாக்டர் உங்களைச் சாயங்காலம்தான் பார்ப்பார்."

வரவேற்பில் இருந்த பெண் அவருடைய பையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள். தோள் ஒரு பக்கம் சாயும் அளவுக்குக் காகிதம் அடைத்த பை.

"நாங்க பேஷன்டோட அப்பா அம்மா" என்று மனைவி முந்திக்கொண்டாள். "பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவர் லிப்ட் மெக்கானிக். நான்கு வருஷமாக மொட்டைமாடி மோட்டார் அறைகளில் அவர் ஸ்பானர் பிடித்த நேரத்தைவிட ஆராய்ச்சிக் கட்டுரை பிடித்த நேரம்தான் அதிகம். கூட வேலை செய்பவர்கள் 'புரொபசர்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாம் மகளுக்காக. ஐந்து வயதில் அவளுக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை. ஒன்பது வயதில் ஸ்பூன் பிடிக்க வரவில்லை. வாயில் நுழையாத பெயர் கொண்ட நரம்பு நோய். அதைப் பற்றி எங்கே யார் எதை எழுதினாலும், அன்றைக்கே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடுவார். ஒன்றைத் தவறவிட்டால் அதில்தான் மருந்து இருந்திருக்குமோ என்ற பயம்.

படித்ததை இதே நோயுள்ள குழந்தைகளின் வீட்டாருக்காகச் சுருக்கி, சனிக்கிழமைதோறும் இணையத்தில் போடுவார். பெயர் போடுவதில்லை. கேள்வி கேட்டு யார் யாரோ எழுதுவார்கள், கையோடு பதிலும் போய்விடும். இந்த வாரம்கூட நாலைந்து போயின.

காத்திருந்த இடத்திலும் அவர் கைப்பேசியை எடுத்தார்.

"இங்கயுமா?" என்றாள் மனைவி.

"ராத்திரி மூணு புதுசா வந்திருக்கு."

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணு எலிக்குக் குணமானது. ஒண்ணு, இன்னும் ஆராயணும்னு முடிச்சிருக்கான். இன்னொண்ணு போன வருஷம் எழுதினதையே தலைப்பை மாத்திப் போட்டிருக்கான்."

"நாலு வருஷமா இதையேதான் சொல்றீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துப் போயிருந்தாள்.

"இன்னைக்கு அப்படி இருக்காது." கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "போன தடவை டாக்டர் என்ன சொன்னார்? இந்த நோய்ல என்னைவிட விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னாரே. என் அரைகுறைப் படிப்புக்கு எட்டாதது அவருக்கு எட்டியிருக்கும். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு."

அந்த ஒருத்தரை நம்பித்தான் பத்து நாளாக இருவருக்கும் தூக்கம் வந்தது. மனைவி மகளுக்குப் புதுப் பென்சில் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

பத்து மணி என்றது பன்னிரண்டானது. உள்ளே கூப்பிட்டார்கள்.

"உட்காருங்க" என்றார் டாக்டர். "பதில் வந்துடுச்சு."

மனைவி உட்காரவில்லை. "அவர் பெரிய டாக்டருங்களா?"

"நேர்ல பார்த்ததில்லைம்மா, பேர்கூடத் தெரியாது. ஆனா இதுல வர்ற ஒரு கட்டுரையையும் விடமாட்டார். எனக்கெல்லாம் அத்தனையும் படிக்க நேரம் ஏது? பேஷன்ட் பேரெல்லாம் சொல்லக் கூடாது. அதனால, குழந்தை கை இந்த நிலைமைக்கு வந்துட்டா மேற்கொண்டு ஏதாவது வழி இருக்கான்னு மட்டும் என் உதவியாளரை விட்டுக் கேட்டேன்."

"என்ன சொல்லியிருக்கார்?"

டாக்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதுவரைக்கும் வந்த எதுலயும் வழி இல்லைங்கறார்."

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவிதான் விடுவதாக இல்லை.

"முழுசாப் படிங்க டாக்டர். கடைசியில ஏதாவது எழுதியிருப்பார். அவ்வளவு படிச்சவர், ஒண்ணுமே இல்லைன்னு கையை விரிச்சுட்டுப் போயிடுவாரா?"

டாக்டர் தயங்கினார். மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்.

"கடைசி வரி, 'பெத்தவங்ககிட்ட பக்குவமாச் சொல்லுங்க'. புதன்கிழமை நான்தான் எழுதினேன்."