அபிராமி எடுத்த பாடம்

"தொழிலாளர் சட்டமா? அதெல்லாம் வேணாம்மா," என்றார் நாகையா.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இன்னும் கூட்டம் சேரவில்லை. மகள் அபிராமிக்குச் சட்டப் படிப்பில் கடைசி வருடம். பிற்பாடு எந்தத் துறையில் வக்கீலாகப் போகிறோமோ அதற்கேற்ற பாடத்தை இப்போதே எடுத்தாக வேண்டும். பதிவு இன்று மத்தியானத்தோடு முடிகிறது.

அவள் பாடங்களை வாசித்தாள். எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. குடும்பச் சட்டம் என்றால் அடுத்தவன் வீட்டைப் பிரிக்கிற பாவம். குற்றவியல் என்றால் திருடனோடு சகவாசம். நிலச் சட்டம் எடுத்தால் காப்பார் மாதிரி ஊர்களில் நிலத்துக்காக அண்ணன் தம்பி போடும் சண்டைக்கு நடுவே போய் நிற்க வேண்டும். கம்பெனிச் சட்டம்தான் உத்தமம். குளுகுளு ஏர்கோன் அறை, கோட்டு, கௌரவம். அதை எடுத்தால் நண்பரின் வக்கீல் ஆபீஸில் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவார். வேறு எதை எடுத்தாலும் அவள் பாடு.

"எனக்குத் தொழிலாளர் சட்டம்தான்பா வேணும்."

"தொழிலாளிங்களே பாவம்மா. அவங்ககிட்ட போய் ஃபீஸ் கேப்பியா?"

நாகையாவுக்குக் குரல் தழுதழுத்தது. இளகிய மனசுக்காரர்தான். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலை அடிவாரத்தில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர். அதற்காகப் பொன்னாடை போர்த்திய படம் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

இந்தக் காலத்தில் எந்த முதலாளி கொடுமை செய்கிறான் என்று கேட்டவர், சாட்சிக்கு மலரைக் கூப்பிட்டார். அபிராமி பள்ளிச் சீருடை போட்ட காலத்திலிருந்து மலர் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறாள்.

"மலரு, இங்க உனக்கு ஏதாவது குறை இருக்கா?"

பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மலர் நிமிர்ந்தாள்.

"குறையெல்லாம் இல்லண்ணே. தைப்பூசத்துக்கு ஒரு தடவையாச்சும் மலையேறி முருகனப் பாக்கணும். அவ்வளவுதான்."

"போக வேண்டியதுதானே? கேஎல் ஊருக்கே அன்னிக்கு லீவுலா."

"நம்ம பந்தல்ல சோறு வடிக்கிறது நான்தானே அண்ணே," என்றாள் மலர்.

நாகையா கல்லாவுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அபிராமி கைப்பேசியில் தொழிலாளர் சட்டத்தைத் தட்டிப் பதிந்துகொண்டாள்.

"அப்ப இந்த வருஷம் சோறு யாரு வடிக்கிறது?" என்றார் அவர், மெதுவாக.

"நீங்கதான்பா. புண்ணியம் உங்களுக்குத்தானே."