சீமாட்டியின் முழங்கை

“டம்ளரைத் தூக்குனாக்கூட வலிக்குதாம் சீமாட்டிக்கு!”

டாக்டர் மாதங்கி உள்ளே வந்து உட்காருவதற்குள் முத்துத்தாய் ஆரம்பித்துவிட்டாள். அந்தச் செல்லூர் கிளினிக்கின் நாற்காலியில் அவள் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, வலிக்காரியான மருமகள் இசைவாணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமியாரின் கவலை ஒன்றே ஒன்றுதான். டாக்டர் வாயிலிருந்து ‘ரெஸ்ட்’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், இவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள். அதை நடக்கவிடக் கூடாது என்றுதான் கூடவே கிளம்பி வந்திருந்தாள்.

டாக்டர் முழங்கையின் வெளிப்பக்கத்தை அழுத்தினார். இசைவாணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“நடிப்பப் பாருங்க!” என்றாள் முத்துத்தாய்.

“துணி நெறையப் பிழியிறீங்களா?”

“மெஷின் பிழியுது.” மாமியார்தான் பதில் சொன்னாள்.

“மாவாட்டுறது? சப்பாத்திக்குப் பிசையிறது?”

“கிரைண்டர் ஆட்டுது. சப்பாத்தி எங்க வீட்ல யாரு திங்கிறா?”

“ரொம்ப நேரம் கையை மடக்கி செல்போன் பாக்குறீங்களா?”

“அதுக்கு எங்க டாக்டர் நேரம்?” என்று இசைவாணி முணுமுணுத்தாள்.

முத்துத்தாய் உதட்டைப் பிதுக்கினாள். “எதுலயும் ஒரு பதவிசு கிடையாது டாக்டரம்மா. இவ செருப்பப் பாருங்க, பொங்கலுக்கு வாங்குனது, அதுக்குள்ள தேச்சு ஓட்டையாக்கிட்டா. ஏஞ் செருப்பும் அன்னைக்கு வாங்குனதுதான். ஒரு கீறல் இருக்கா?”

இல்லைதான். வார்கூட மடங்காமல், கடையில் இருந்தபடியே இருந்தது.

“அப்ப வெயிட் தூக்குறதாத்தான் இருக்கணும். தசைநார் புண்ணாயிருக்கு. தினமும் எதையோ தூக்குறீங்க” என்றார் டாக்டர்.

முத்துத்தாய் கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

“வெயிட்டா? சிலிண்டர ஆளு வந்து அடுப்படியில வச்சிட்டுப் போறான். தண்ணி மோட்டார்ல ஏறுது. இடுப்புல தூக்கிச் சொமக்க ஒரு பிள்ளையாச்சும் பெத்தாளா? எங்க வீட்ல தூக்குறதுக்கு என்ன இருக்கு?”

இசைவாணி வாயைத் திறந்தாள். மாமியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாத்திரையும் கைப்பட்டையும் எழுதிக் கொடுத்தார். “எதுக்கும் ஆறு வாரம் வெயிட் மட்டும் தூக்காதீங்கம்மா.”

“அதான் ஒண்ணுமே இல்லையே!”

ஜெயித்துவிட்ட பூரிப்பில் முத்துத்தாய் இரண்டு கைகளையும் மருமகளின் கழுத்தை நோக்கி நீட்டினாள்.

“என்னடி வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஆட்டோ எம்புட்டு நேரம் நிக்கும்? எப்பவும் போல தூக்கு என்னைய!”