ஊதா முத்திரை

‘நீல ஜன்னல்’ ஓவியத்தைத் திருடிவிடுவது என்று இயக்குநர் முடிவெடுத்தபோது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அரசுக் கடிதத்தின் இரண்டாவது பத்தியை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்.

அடுத்த நிதியாண்டு முதல் வட்டாரக் கலைக்கூடத்துக்கு மானியம் கிடையாது. மாதக் கடைசியில் கதவை மூடிவிட்டு, ஓவியங்கள் அனைத்தையும் தலைநகரக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டியது.

அந்தக் கிடங்கை அவர் பார்த்திருக்கிறார். சுவரெல்லாம் ஈரம். போன தடவை அனுப்பிய ஒரு சீமாட்டியின் உருவப்படத்துக்கு ஆறே மாதத்தில் பூஞ்சையால் தாடி முளைத்திருந்தது.

இருபத்தேழு வருடம் இந்தக் கட்டடத்தில் குப்பை கொட்டியவர். மற்ற படங்கள் எக்கேடு கெட்டாலும் ‘நீல ஜன்னல்’ அங்கே போகக் கூடாது. நூறு வருடப் பழைய, சின்னப் படம். காலி அறை, ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே விடியப்போகிற நீலம். மனைவி முகத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறார். மனைவியே சொன்னது அது.

வழி, வியாழக்கிழமை வகுப்பில் இருந்தது.

கலைக்கூடத்தில் உயிரோடு இருந்த ஒரே திட்டம் ‘பார்த்து வரை’. ஓய்வுபெற்ற ஏழு பேர், பிடித்த படத்தின் முன்னால் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு அதை அப்படியே வரைவார்கள். ஏழு பேரில் பல் டாக்டரம்மாதான் கெட்டிக்காரர். நாற்பது வருடம் பல்லுக்குப் பல் நிறம் பொருத்திய கை. ‘நீல ஜன்னலை’ அதே அளவில், பழைய சாயத்தின் மயிரிழை வெடிப்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார். போன வருடம் அசலுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்ததால் முதுகுப் பக்கமும் இரண்டும் ஒன்றுதான்.

“பத்தடி தள்ளி நின்னா எனக்கே அடையாளம் தெரியல சார்” என்பார் டாக்டரம்மா.

“எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது அசல்னு சொல்லிடுவேன்” என்பார் இயக்குநர்.

அந்த வியாழன்தான் கடைசி வகுப்பு. மதியம் ஒரு மணிக்கு ஏழு பேரும் சாப்பிடப் போனார்கள். காவலாளி வாசலில் இருந்தார். கேமரா, பழுதுபார்க்க நிதி கேட்டு எழுதிய நான்காவது கடிதத்தின் பதிலுக்காகக் காத்திருந்தது.

இயக்குநர் சுவரில் இருந்ததை இறக்கினார். ஃபிரேமுக்குப் பின்னால் நாலே கொக்கி. உள்ளே இருந்த படத்தைக் கழற்றினார். ஸ்டாண்டில் இருந்த படத்தை ஃபிரேமில் பொருத்தி மாட்டினார். கழற்றியதை ஸ்டாண்டில் வைத்தார். யாராவது வந்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் எதையும் நின்று பார்க்கவில்லை. நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது.

வகுப்பு முடியும் நேரத்துக்கு மெல்ல டாக்டரம்மாவிடம் போனார்.

“உங்க படத்தை என் ஞாபகத்துக்குக் குடுங்களேன் டாக்டரம்மா.”

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது.

“இ... இதையா? இது வேணாம் சார். வேற ஒண்ணு நல்லதா வரைஞ்சு தரேன்.”

“எனக்கு இதுதான் வேணும்.”

“இதுல இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு சார். எல்லாரும் போனப்புறம்...”

“அடேங்கப்பா, பல்லைப் புடுங்கும்போதுகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க. குடுத்துடுங்க டாக்டரம்மா!” என்றார் பக்கத்து ஸ்டாண்டு தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். இயக்குநர் நகர்ந்து சுவரை மறைத்து நின்றார். கண்டுபிடித்துவிட்டாரா?

“எடுத்துக்குங்க” என்றார் டாக்டரம்மா கடைசியில்.

வாசலில் காவலாளி மறித்தார். வெளியே போகிற எந்தப் படமும் முதுகில் ‘பிரதி’ என்று ஊதா முத்திரை வாங்காமல் போக முடியாது. இயக்குநரே போட்ட விதி.

“உங்களுக்குமா சார்?”

“ரூல்ஸ்னா எல்லாருக்கும்தான்யா. குத்து. மெதுவா, மெதுவா!”

பொத்தென்று விழுந்தது முத்திரை. இயக்குநருக்கு நெஞ்சில் வலித்தது.

திங்கட்கிழமை லாரி வந்தது. ‘நீல ஜன்னல்: அசல், சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போடும்போது, சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கிய அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“பாரு இந்த நீலத்தை! டாக்டரம்மா தலைகீழா நின்னாலும் இது வருமா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரிஞ்சுது” என்றாள் மனைவி.

“உனக்கென்ன தெரியும்!”

படம் வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது.

‘மதிப்புக்குரிய சார், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடைசி வகுப்பன்று காலையில், யாரும் வருவதற்கு முன்னால், என் படத்தை ஃபிரேமில் பொருத்திச் சுவரில் மாட்டிவிட்டு, அசலை என் ஸ்டாண்டில் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள் என் படம் அந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்ற அற்ப ஆசை. சாயங்காலம் மாற்றி வைத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கிடங்குக்குப் போனது என் படம்தான். பூஞ்சை பிடித்தால் பிடிக்கட்டும். உங்கள் வீட்டில் இருப்பது அசல். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.’

இயக்குநர் விரல் விட்டு எண்ணினார். காலையில் டாக்டரம்மா ஒரு தடவை மாற்றியிருக்கிறார். மதியம் இவர் ஒரு தடவை மாற்றியிருக்கிறார்.

எழுந்துபோய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பினார்.

‘பிரதி’ என்ற உண்மையை ஊதா முத்திரை பன்னிரண்டு நாளாகச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது.