தண்ணி பாய்

"இது பெட்ரோலா? சொல்லு பாய், இது பெட்ரோலா?"

கோவிந்தசாமி ஈரத் தோலை இஷ்தியாக் அகமதுவின் மூக்குக்கு நேரே நீட்டினான். தோலின் குழிவில் ஒரு கை தண்ணீர் தேங்கி நின்றது.

பெட்ரோல் கடை வாசலில் கூடிய கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆம்பூர்க்காரனுக்குத் தோலைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? மெல்லிய தோலைப் பெட்ரோலில் நனைத்துப் பிழிந்து அதில் ஊற்றினால் பெட்ரோல் கீழே இறங்கிவிடும், தண்ணீர் மேலேயே நின்றுகொள்ளும். ஊரில் இருந்த சொற்ப மோட்டார் டிரைவர்களுக்கு அதுதான் கோர்ட்டு, கச்சேரி எல்லாம்.

கோவிந்தசாமி தோல் மண்டி முதலாளி நிசார் அஹமதுவின் டிரைவர். காலையில் வேலூருக்குப் போகும் வழியில், மாதனூர் தாண்டியதும் மோட்டார் இருமியது, குலுங்கியது, நடுரோட்டில் படுத்துவிட்டது. வேலூரில் சரக்குப் பார்க்க வந்த துரை காத்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு ஜட்காவைப் பிடித்து ஏறினார். ஏறும்போதே சொல்லிவிட்டார்.

"சாயந்திரம் வந்து கேப்பேன். தப்பு உன்னுதுன்னா சாவிய வெச்சிட்டுப் போய்டு."

அப்புறம் கோவிந்தசாமி வெயிலில் கிடந்து கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், ஹேண்டிலைச் சுற்றினான். தோள்பட்டை விட்டுப்போனதுதான் மிச்சம். கடைசியில் தோல் ஏற்றி வந்த கட்டைவண்டிக்காரன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மாடுகளை மோட்டாரில் பூட்டி இழுத்து வந்தான். வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள்.

"சீல் உடைக்காத டின்னுப்பா. உன் எதிர்லதானே உடைச்சி ஊத்தினேன்?" என்றார் இஷ்தியாக் பாய்.

"ஈயம் பத்தவெக்கத் தெரிஞ்சா சீல் வெக்கறது ஒரு பெரிய வேலையா? அஞ்சு வேளை தொழுவுற, பெட்ரோல்ல தண்ணி ஊத்துற. எம் பொழப்புல மண்ணு போடத்தான் கடை வெச்சியா?"

"தண்ணி பாய்!" என்று கூட்டத்தில் எவனோ குரல் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். பட்டப்பெயர் வைப்பதற்கு மட்டும் நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது.

பாய் அதைக் காதில் வாங்காதவர் போலக் கேட்டார்.

"பெட்ரோல் போட்டுக்கினு நேரா வேலூருக்கா போன?"

"ஊட்டுக்குப் போயி கூழு குடிச்சேன். வண்டி வாசல்லதான் நின்னுச்சி. ஏன், நானே ஊத்திக்கினேன்னு சொல்லப் போறியா?"

பாய் கடையைச் சாத்திவிட்டு எங்கேயோ கிளம்பினார்.

"பாத்தீங்களா, பதில் இல்ல. ஓட்றாரு!" என்றான் கோவிந்தசாமி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

சாயந்திரம் மண்டி வாசலில் ஜட்கா வந்து நின்றது. துரை காத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். முதலாளியின் முகத்தைப் பார்த்ததுமே கோவிந்தசாமி இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"யார் தப்பு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் தப்புதான், சாப்." இஷ்தியாக் பாய் வேர்க்க விறுவிறுக்க நின்றார். "டின்னுல எப்டியோ தண்ணி பூந்துடுச்சி. நான் கவனிக்கல. மாஃப் பண்ணுங்க."

"இனிமே நம்ம வண்டி உன் கடப்பக்கம் வராது. மத்த மண்டிக்காரங்களுக்கும் சொல்லிடுவேன்."

இருப்பதே விரல் விட்டு எண்ணுகிற மோட்டார்கள். அவையும் வராது என்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பாய் தலையை ஆட்டினார். கோவிந்தசாமியை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டார்.

வேலை பிழைத்தது. சந்தோஷப்படக்கூட அவன் உடம்பில் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவன் முன்னால் மனைவி அமிர்தவள்ளி களியை வைத்தாள்.

"இன்னா, மூஞ்சி செத்துக் கெடக்குது?"

"வண்டி நடுரோட்ல நின்னுபோச்சி. நல்லவேள, பாய் ஒத்துக்கினான். இல்லாட்டி இன்னியோட வேல போயிருக்கும்."

"நின்னதோட போச்சேன்னு சந்தோசப்படு. போன வாரம் புளியமரத்துல மோதப் பாத்தேன்னு சொன்ன இல்ல? எனக்கு அன்னியிலேர்ந்து தூக்கமே இல்ல. அதான் பள்ளிவாசல்ல நின்னு, தொழுதுட்டு வர்றவங்க ஓதி ஊதின தண்ணி ஒரு சொம்பு வாங்கியாந்தேன். காலையில நீ கூழு குடிக்கசொல்லோ வண்டிக்கு ஊத்திட்டேன்."

"வண்டி மேலயா?"

"மேல ஊத்தினா காஞ்சிடாதா? அதுக்கு வாய் எதுன்னு எனக்குத் தெரியாதா? நீ பெட்ரோல் ஊத்துற எடத்துலதான் ஊத்தினேன்."

எடுத்த களி உருண்டை கோவிந்தசாமியின் கையிலேயே நின்றது.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"மத்தியானம் பெட்ரோல் கட பாய் வந்து விசாரிச்சாரு. சொன்னேன். பாவம், ரொம்ப நேரம் வாசல்லயே நின்னாரு. 'நல்லத நெனச்சித்தான் ஊத்தியிருக்க, தங்கச்சி. உங்க ஊட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாத, அவரு முதலாளிகிட்ட பொய் சொல்லத் தெரியாத மனுசன்'னு சொல்லிட்டுப் போனாரு."